காலையில் நொண்டியவள் மதியம் நொண்டி விளையாடலாம்: நீலகிரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்டத் தலைமையாசிரியர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், குறிப்பாக உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லயனில், அதாவது தேயிலைத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், வளர்ந்தவள். 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம்; தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குக் கொழுந்துதான் சோறு. இப்போது எனக்கு வயது 27. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பத்து வயதில் பிடித்த மூட்டுவலி இன்னும் விடவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று இத்தனை வருடம் தோன்றியதில்லை. போன மாதம் ஒரு பையனைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஊட்டியில் மருந்து வாங்கப் போயிருந்தபோது மருத்துவமனைப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. வீடு பந்தலூர்ப் பக்கம். படிப்பது ஊட்டிக்கு அருகே ஒரு விடுதிப் பள்ளியில். சிக்கிள் செல் எனப்படும் அரிவாளணு ரத்தசோகை. அவன் அம்மா சீட்டுப் பதியப் போயிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். வலித்தால் யாரிடம் சொல்வாய் தம்பி என்று கேட்டேன்.

"வாரத்துக்கு ஒரு தடவைதான் அக்கா சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் நம்பமாட்டார்கள். திங்கட்கிழமை வலித்தால் நான் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை இதைவிட அதிகமாக வலித்தால் என்ன செய்வது?"

தன் வலியை ரேஷனில் வைத்திருக்கிறான் பிள்ளை. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆறாம் வகுப்பில் என் கணக்கு மாதத்துக்கு இரண்டு. வேறு ஒருவர் அதே கணக்கைப் போட்டு நான் பார்த்ததில்லை என்பதால், அது என் தனிக் கோணல் புத்தி என்று நினைத்திருந்தேன். அந்தப் பெஞ்சில்தான் அது எல்லாப் பிள்ளைகளும் தாமாகக் கண்டுபிடிக்கிற கணக்கு என்று புரிந்தது. அந்தக் கணக்கைப் பிள்ளைகள் போடவேண்டிய நிலையை உண்டாக்குபவர்களில் நீங்களும் ஒருவர் என்று சொல்லத்தான் இந்த மடல். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

முதலில் என் காலைப் பொழுதைக் காட்டுகிறேன். டிசம்பர் மாதம், லயன் வாசலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. அம்மா ஏழரை மணிக்குள் தோட்டத்தில் வருகைக்குப் பேர் போடப் போய்விட வேண்டும். தாமதித்தால் அன்றைய சம்பளத்தில் கை வைப்பார்கள். அதனால் நாலரைக்கே எழுந்து விறகடுப்பில் தண்ணீர் வைப்பார். என் இரண்டு கைகளையும் அந்த வெந்நீர்ச் சட்டியில் இருபது நிமிடம் வைத்திருப்பேன். விரல்கள் அப்போதுதான் மடங்கத் தொடங்கும். அதுவரை சட்டைப் பொத்தான் என்பது ஏதோ சர்க்கஸ்காரர்கள் செய்யும் வேலை. சீருடைச் சட்டையில் ஏழு பொத்தான். மூன்றை நான் போடுவேன், மீதியை அம்மா போடுவார். இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டும் வேலையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அம்மா ஓடுவார். முழங்கால் இரண்டிலும் நீலகிரித் தைலம் தேய்த்திருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் ஊட்டி நினைவாகப் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போகிற அதே தைலம்தான். அந்த வாசனையால் வகுப்பில் என் பெயர் "தைலக்காரி".

இறைவணக்கத்துக்கு நிற்கும்போது கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். கைகளை மேலே தூக்கு என்றால் காது வரைதான் போகும். "நடிக்காதே" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். பதினொரு மணிக்கு மேல் விறைப்பு மெல்ல மெல்ல விடும். மூட்டழற்சியின் இயல்பு அது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகிப் போயிருக்கும், அசைய அசைய இளகும். மதிய உணவு முடிந்த நேரத்தில், நல்ல நாளாக இருந்தால், எனக்கும் விளையாட வரும். பத்து வயதுப் பிள்ளை, வெயில் அடிக்கிறது, கால் கேட்கிறது, விளையாடாமல் இருக்குமா? கட்டம் போட்டு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தேன். காலையில் என்னைப் பார்த்த அதே ஆசிரியர் பார்த்துவிட்டார். அடுத்த நாள் இறைவணக்கத்தில், எல்லோர் முன்னாலும், "இவளுடைய வலிக்கு மணி பார்க்கத் தெரியும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், ஒத்துக்கொள்கிறேன். காலையில் நான் நொண்டியதை நம்பாதவர், மதியம் நான் நொண்டி விளையாடியதை மட்டும் நம்பினார்.

அன்றிலிருந்து நல்ல நாட்களிலும் நான் விளையாடவில்லை. நோயாளியாக இருந்தால் நாள் முழுவதும் நோயாளியாகவே இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். இதனால் என் மூட்டுகளுக்குக் கெடுதல்தான் நடந்தது. அசைவுதான் மருந்து என்று பிறகு வந்த மருத்துவர் சொன்னபோது, இரண்டு வருடமாக நான் அந்த மருந்தைச் சாப்பிடாமல் இருந்தேன், பயத்தால்.

மருத்துவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினான்கு மாதம் "வளர்கிற வலி" என்றார்கள். வளர்கிற வலி என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களிலும் வரும். பொழுது விடிந்தால் போய்விடும், பிள்ளை ஓடும். காலையில் எழும்போதே விறைப்பும் மூட்டில் வீக்கமும் இருந்தால் அது வேறு. பதினாறு வயதுக்குள் தொடங்கி ஆறு வாரத்துக்கு மேல் மூட்டழற்சி நீடித்து, அதற்கு வேறு காரணம் அகப்படாவிட்டால் இளம்பருவ மூட்டழற்சி என்று பெயர் வைக்கிறார்கள். கீழே கோயம்புத்தூரில்தான் எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது. குஞ்சப்பனை வளைவுகளில் பஸ் திரும்பும் ஒவ்வொரு தடவையும் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு போய் வாங்கிய பெயர். பெயர் கிடைத்த அன்று அம்மா அழுதார். எனக்கோ தேர்வில் பாஸானது போல இருந்தது. இனிமேல் நம்புவார்கள் அல்லவா?

நம்பவில்லை. வாரத்துக்கு ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் என்ற மஞ்சள் மாத்திரை. அதைச் சனிக்கிழமை இரவில் போட்டுக்கொள்வேன். மறுநாள் முழுவதும் குமட்டும். ஞாயிற்றுக்கிழமை குமட்டினால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் மஞ்சள் நிறத்தில் சின்னதாக எதையாவது பார்த்தால் வயிறு புரட்டுகிறது. கல்யாண வீட்டு பூந்தி உட்பட. நடுவில் சில மாதம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள், முகம் உப்பிப் போனது. "நன்றாகத் தேறிவிட்டாயே" என்றார் ஒரு டீச்சர், உண்மையான சந்தோஷத்தோடு. என்ன பதில் சொல்வது? கண் பரிசோதனைக்கு லீவு கேட்டபோது "மூட்டுவலிக்குக் கண் டாக்டரா?" என்று இன்னொருவர் சிரித்தார். இந்த நோய் சில பிள்ளைகளுக்குச் சிவப்போ வலியோ காட்டாமல் கண்ணின் உள்ளே அழற்சியை உண்டாக்கும். கவனிக்காவிட்டால் பார்வை போகும். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். சிரித்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டிருக்கலாம்.

வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள், தெரியுமா? சுவரில் ஆறு முகங்கள் வரைந்த படம் இருக்கும், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். நான் எப்போதும் ஆறு என்பேன். பத்து என்றால் அம்மாவின் முகம் மாறும். மூன்று என்றால் மூன்றுக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தோம் என்று அவர் நினைப்பாரோ என்று பயம். ஆறு பத்திரமான எண். பிள்ளை சொல்கிற எண்ணுக்குள் வலி மட்டும் இருப்பதில்லை. அம்மாவின் கூலி, பஸ் டிக்கெட், பக்கத்தில் நிற்கிறவர் முகம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது.

பதின்ம வயது வந்ததும் இன்னொரு பூட்டு விழும். "மூட்டுவலி என்று வெளியில் சொல்லாதே, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டாமா" என்று அத்தை சொன்னார். பதினான்கு வயதில். ஆண் பிள்ளைகளுக்கு வேறு வாய்ப்பாடு: ஆம்பிளைப் பிள்ளை அழுவானா? வீட்டில் சொல்லக்கூடாது, பள்ளியில் சொன்னால் எடுபடாது. இரவில் தூக்கம் வராமல் கிடந்து, காலையில் கணக்கு வகுப்பில் கண் சொருகினால், அதற்கும் ஒரு பெயர் இருக்கும்: சோம்பேறி.

எல்லா வலிக்கும் என்னுடையதைப் போல ரத்தப் பரிசோதனையில் காட்ட ஏதாவது இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் வலியோடு இருக்கிற பிள்ளைகள் உண்டு. தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி என்று. கூடலூர்ப் பக்கம் தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் தகர டப்பா தொங்கவிடுவார்கள். யானை வந்தாலும் அது சத்தம் போடும். கயிறு அதிகமாக இறுகிவிட்டால் காற்றுக்கும் சத்தம் போடும். யானை இல்லையே என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் படுத்திருப்பவனுக்குச் சத்தம் கேட்டது பொய்யா? நரம்பு மண்டலம் சில பிள்ளைகளுக்கு அப்படி இறுகிப் போகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதையும் திரும்பத் திரும்ப வருவதையும் நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தி எழுதியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளின் நாட்பட்ட வலிக்கென்று தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. உடற்பயிற்சி, மனநலத் துணை, தேவைப்பட்டால் மருந்து என்ற மூன்றையும் அது பேசுகிறது.

அந்தப் பையனின் நோய்க்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. இந்தியாவில் சிக்கிள் செல்லை முதன்முதலாகக் கண்டு எழுதியது 1952இல். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். கண்டது வேறெங்கும் இல்லை, நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடத்தில். எழுபது வருடம் தாண்டிவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் சிக்கிள் செல் ஒன்று. 2047க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு திட்டமும் தொடங்கியது. 2047 வரட்டும். அந்தப் பையன் நாளைக் காலையில் குளிக்க வேண்டும்.

அவன் சொன்னதிலிருந்தும் பிறகு நான் கேட்டறிந்ததிலிருந்தும் சொல்கிறேன். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும்போதுதான் அந்த வலி வருகிறது. எலும்புக்குள் இருந்து யாரோ முறுக்குவது போல இருக்கும் என்றான். குளிர், தண்ணீர் போதாமை, உடலை மீறிய ஓட்டம், காய்ச்சல் எல்லாம் அதைத் தூண்டும். எனவே வகுப்பில் தண்ணீர் பாட்டில் அவன் மேசை மேல் இருக்க வேண்டும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் அவர்களுடைய சிறுநீரகத்துக்குக் குறைவு. அதனால் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்பான். "இப்போதுதானே போனாய்" என்று உட்கார வைத்தால், அடுத்த தடவை போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பான். குறைத்தால் வலி. இந்தச் சங்கிலியில் உங்கள் கையில் இருப்பது முதல் கண்ணி. காய்ச்சல் வந்தால் மட்டும் மாலை வரை பார்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். அன்றே, அப்போதே மருத்துவமனை.

விளையாட்டு வகுப்பு பற்றி உடற்கல்வி ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. கேலி செய்து ஓடவிடுவது ஒரு வகை. "நீ மரத்தடியில் உட்கார், எங்களுக்கு ஏன் வம்பு" என்று ஆண்டு முழுவதும் உட்கார வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதைக் கருணை என்று நினைக்கிறீர்கள். செருப்புகளுக்கும் தண்ணீர்ப் பைகளுக்கும் காவலாக மூன்று வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், அது கருணை இல்லை. இன்றைக்கு உன்னால் எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். சில நாள் இரண்டு சுற்று நடப்போம், சில நாள் ஒன்றும் முடியாது, சில நாள் உங்களையே வியக்க வைப்போம். அந்த மூன்றாவது நாளை முதல் இரண்டுக்கும் எதிரான சாட்சியாக ஆக்காதீர்கள்.

ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கிறீர்களே, அதையும் நிறுத்துங்கள். இதை எழுதும்போது சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ஒழுக்கத்துக்கான பரிசு என்பீர்கள். மேடையில் அந்தக் கிண்ணத்தை வாங்கியவன் அந்த ஆண்டு நோய் வராதவன். நான் எட்டாம் வகுப்பில் அந்தக் கிண்ணத்துக்காகவே இரண்டு மருத்துவமனைத் தேதிகளை அம்மாவிடம் மறைத்தேன். கிண்ணமும் கிடைக்கவில்லை, பிப்ரவரியில் படுத்துவிட்டேன்.

அரசுத் தேர்வுகளில் மாற்றுத்திறன் மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுகிறவரும் கூடுதல் நேரமும் உண்டு. சான்றிதழோடு முன்கூட்டியே பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதை என் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தாளில் கடைசி இரண்டு கேள்விகளை விரல் மடங்காமல் விட்டுவிட்டு வந்தேன். விடை தெரியும். இன்றைக்கு நடப்பேன், நாளைக்கு முடியாது என்கிற உடம்பைச் சான்றிதழில் எத்தனை சதவீதம் என்று எழுதுவது என்பது தனிச் சிக்கல், அதை மருத்துவக் குழுவோடு பெற்றோர் மல்லுக்கட்டட்டும். விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், போதும்.

எல்லாம் குறையாகவே சொல்கிறேன் என்று தோன்றலாம். ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்த அம்மா ஒருவர் இருந்தார். என் நோயின் பெயரை அவர் கேட்டதே இல்லை. ஆனால் பாடவேளை பாதியானதும் "இந்தப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறையில் கொடுத்துவிட்டு வா" என்பார். மறுநாள் "நூலகத்தில் சுண்ணக்கட்டி இருக்கிறதா பார்". நூலகத்தில் ஏது சுண்ணக்கட்டி? மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என் முழங்கால் பூட்டிக்கொள்ளும் என்பதை அவர் எப்படியோ கவனித்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் நடக்கவைத்தார். வகுப்பில் மற்றவர்களுக்கு என் மேல் பொறாமை வேறு: டீச்சருக்குப் பிடித்தவள் என்று. தைலக்காரி என்பதைவிட அது எவ்வளவோ மேல். என் இடத்தையும் ஜன்னலோரம் மாற்றினார், காலை வெயில் விழும் பக்கம். அவரிடம் மட்டும் நான் ரேஷன் கணக்கு வைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கணக்கு இல்லாத அந்த ஆண்டில்தான் நான் வலி என்று மிகக் குறைவாகச் சொன்னேன்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மா சீட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். நான் எழுந்துகொள்ளும்போது மட்டும், விடுதியில் காலையில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும், குளித்த பிறகுதான் அதிகமாக வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னான். அந்த வாரத்துக்கான ஒரு தடவையை என்னிடம் செலவு செய்துவிட்டான் போலிருக்கிறது.

எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் அவனைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். உங்கள் விடுதியிலும் இப்படி ஒருவன் இருக்கக்கூடும் என்று எல்லோருமே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் வருகிறது. விடுதிச் சமையலறையில் ஐந்து மணிக்கே உப்புமாவுக்கு உலை வைத்துவிடுகிறார்கள் என்றும் அவன் சொன்னான். அடுப்பு எரிகிறது. அதன் பக்கத்தில் இன்னொரு பாத்திரம் வைக்க இடம் இருக்கும். அவனுக்கு வேண்டியது ஒரு வாளி.

இப்படிக்கு,
கோத்தகிரி லயனில் வளர்ந்த, இன்றும் காலையில் வெந்நீரில் கை வைத்த பிறகே பேனா பிடிக்கிற ஒரு பழைய மாணவி